ரெண்டு பட்டனையும் அமுக்குங்க, அவ்வளவுதான்

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும், நான் எழுதுவது பெரும்பாலும் பழைய கதை. வங்கி வேலை, மாற்றல், தாம்பரத்தில் மனை வாங்கிய காலம், இப்படி. இன்றைக்குக் கதை கொஞ்சம்தான், சண்டைதான் அதிகம். யாரோடு என்றால், "ரெண்டு நிமிஷ வேலை, செருகி ரெண்டு பட்டனையும் அமுக்குங்க, அவ்வளவுதான்" என்று நம்மிடம் சொல்கிற அத்தனை பேரோடும். என் மகனும் அதில் சேர்த்திதான்.

விஷயம் கிரிப்டோ. "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்" என்று மூடிவிட்டுப் போய்விடாதீர்கள். எனக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஒரு பைசாவுக்கு நான் வாங்கியதில்லை, வாங்கப் போவதும் இல்லை, உங்களையும் வாங்கச் சொல்லவில்லை. ஆனால் சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவை எடுத்தாலும் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில். அவர்கள் வீட்டுப் பத்திரம், டிகிரி சர்டிபிகேட், பேத்தியின் வெள்ளிக் கொலுசு எல்லாம் நம் பீரோவில். அந்த வரிசையில் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கட்டைவிரல் அளவு, சின்னத் திரை, இரண்டு பொத்தான். ஹார்டுவேர் வாலெட் என்று பெயர்.

என் மகன் கனடாவில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் வந்தபோது ஒன்றைக் கொடுத்து, "பத்திரமா வைங்க" என்றான். மேலே பெயரைப் பார்த்தேன், 'லெட்ஜர்' என்று போட்டிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் லெட்ஜரோடு குடும்பம் நடத்தியவனுக்கு ஓய்வுபெற்ற பிறகும் லெட்ஜரா என்று சிரித்துக்கொண்டே பீரோவில் வைத்தேன். இதுதவிர ஒரு ஒட்டிய கவர். அதில் 24 ஆங்கிலச் சொற்கள் எழுதியிருப்பதாகச் சொன்னான். அதை வங்கி லாக்கரில் வைத்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. "அப்பா, அதை உங்க லேப்டாப்ல செருகுங்க. வாட்ஸப்ல ஒரு அட்ரஸ் அனுப்பியிருக்கேன், அதை காப்பி பண்ணிப் போடுங்க. அப்புறம் ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குங்க, அவ்வளவுதான். ரெண்டு நிமிஷ வேலை."

"அமுக்கறதுக்கு முன்னாடி அதுல என்ன எழுதியிருக்கும்?" என்றேன்.

"ஏதோ நம்பர் வரும்பா. அதெல்லாம் படிக்க வேண்டாம்."

"படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கையெழுத்து இல்லப்பா, பட்டன்" என்றான். அன்றைக்கு அதோடு போனை வைத்துவிட்டோம்.

பட்டன் இல்லை, கையெழுத்துதான். இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ல வருவது அது ஒன்றுதான்.

அந்தச் சாதனம் என்ன செய்கிறது என்று எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். கிரிப்டோ நாணயம் அந்தக் குச்சிக்குள் இல்லை. உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே பேரேடு ஓடிக்கொண்டிருக்கிறது, கணக்கு அங்கே இருக்கிறது. குச்சிக்குள் இருப்பது அந்தக் கணக்கில் கையெழுத்திடும் ரகசியச் சாவி மட்டும். பணம் அனுப்பும்போது கணினி ஒரு செக் மாதிரி எழுதி, யூஎஸ்பி கேபிள் வழியாகக் குச்சிக்குள் அனுப்புகிறது. குச்சி அதைத் தன் சின்னத் திரையில் காட்டுகிறது: இவ்வளவு தொகை, இந்த முகவரிக்கு. நாம் பொத்தானை அமுக்கினால் உள்ளேயே கையெழுத்துப் போட்டு, கையெழுத்தான செக்கை மட்டும் கணினிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சாவி ஒருபோதும் வெளியே வராது. கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவியைத் திருட முடியாது.

இது நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்பாட்டின் அடிப்படையே ஒரு சந்தேகம்தான். "கணினி பொய் சொல்லலாம்" என்று எண்ணித்தான் இப்படி ஒரு தனிச் சாதனத்தைச் செய்து, அதற்குத் தனியாக ஒரு திரையும் வைத்தார்கள். அந்தத் திரையைப் படிக்காமல் பொத்தானை அமுக்கினால், கணினி எழுதிக் கொடுத்த செக்கில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டதாக ஆகிறது. அப்புறம் அந்தக் குச்சியை எதற்குக் காசு கொடுத்து வாங்கினோம்?

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவது என்ன என்று எனக்குத் தெரியும். நான் போட்டிருக்கிறேன்.

1987. மதுரைப் பக்கம் ஒரு கிளை, நான் அதிகாரியாகி ஒன்றரை வருஷம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, அரை நாள் வேலை. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். வவுச்சர் கட்டு ஒன்று மேஜைக்கு வந்தது, நாற்பது ஐம்பது இருக்கும். கொண்டுவந்தவர் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர், நம்பிக்கையானவர். "எல்லாம் செக் பண்ணிட்டேன் சார், நீங்க போட்டுட்டுக் கிளம்புங்க" என்றார். போட்டேன். அந்தக் கட்டின் நடுவில் ஒரு பற்று வவுச்சர், மூன்று வருஷமாக யாரும் தொடாத ஒரு கணக்கிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய். கணக்குக்காரர் இறந்துபோயிருந்தார். ஏழு மாதம் கழித்து அவர் மகள் வந்து கேட்டபோதுதான் வெளியே வந்தது.

விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "இது உங்கள் கையெழுத்தா?" ஆமாம். "படித்தீர்களா?" பதில் இல்லை. நான் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு இன்க்ரிமென்ட் போயிற்று. அது சரியான தண்டனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பெண் மேஜைக்கு எதிரே நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, ஒரு சின்னக் கிளை அதிகாரி அவசரத்தில் செய்த தப்பு, இந்தக் காலத்துப் படித்த பிள்ளைகள் அப்படிச் செய்வார்களா என்பீர்கள். செய்தார்கள். 2024 ஜூலை 18 அன்று நம் நாட்டின் பெரிய கிரிப்டோ சந்தைகளில் ஒன்றான வசீர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போயிற்று. நம் கணக்கில் சுமார் 1,900 கோடி ரூபாய். மக்கள் போட்டு வைத்திருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

அந்தப் பெட்டகம் ஒருவர் மட்டும் திறக்கக்கூடியது அல்ல. நம் வங்கிகளில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம் இருக்குமே, அதைவிடக் கெட்டி. கையெழுத்திடும் உரிமை ஆறு பேருக்கு. ஐந்து பேர் அந்தக் கம்பெனி, ஒருவர் பாதுகாப்பு சேவை தரும் லிமினல் என்ற வேறு கம்பெனி. கம்பெனியில் மூன்று பேரும், அதற்கு மேல் லிமினலும் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். கம்பெனிக்காரர்கள் கையில் இருந்தது நம் பீரோவில் இருக்கிற அதே வகைச் சாதனம்.

அப்படியிருந்தும் போயிற்று. எப்படி? கம்பெனி அன்றைக்குச் சொன்ன விளக்கத்தைக் கவனியுங்கள். கணினித் திரையில் தெரிந்த விவரமும், உண்மையில் கையெழுத்தான விவரமும் வேறு வேறு. திரையில் தெரிந்தது அன்றாடப் பரிமாற்றம் மாதிரி. கையெழுத்தானதோ பெட்டகத்தின் கட்டுப்பாட்டையே வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கும் உத்தரவு. தங்கள் பக்கம் எதுவும் உடைக்கப்படவில்லை என்று லிமினல் மறுத்தது. யார் பக்கம் ஓட்டை என்ற வழக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சாவியை யாரும் திருடவில்லை, பூட்டை யாரும் உடைக்கவில்லை. பொறுப்பானவர்கள் தங்கள் சாதனத்தில், தங்கள் விரலால், தாங்களே கையெழுத்திட்டார்கள். அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து 2025 ஜனவரியில் இது வட கொரியாவின் வேலை என்று அறிவித்தன.

ஒருமுறை நடந்தால் பாடம் கற்பார்கள் என்று பார்த்தால், 2025 பிப்ரவரி 21 அன்று துபாயிலிருந்து நடக்கும் பைபிட் என்ற சந்தையில் அதே மாதிரி. இந்தத் தடவை சுமார் 150 கோடி டாலர். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் அந்தக் கம்பெனியின் தலைவரே. மடிக்கணினித் திரை சரியாகத்தான் காட்டியது. கையில் இருந்த சாதனத்தின் திரையில் இருந்தது புரியும்படி இல்லை. அமுக்கிவிட்டார். இதற்கு அவர்கள் தொழிலில் ஒரு பெயரே இருக்கிறது, 'பிளைண்ட் சைனிங்' என்று. வவுச்சர் கட்டு என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

தலைவரே படிக்காமல் அமுக்குகிற இடத்தில், எழுபது வயதுக்காரரிடம் வந்து "அதெல்லாம் படிக்க வேண்டாம் அங்கிள்" என்று சொல்கிற துணிச்சலைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இனி நம் ஊர் விஷயம். என்னோடு ஏரிக்கரையில் காலை நடை வருகிற நண்பர் ஒருவர். எந்த ஏரி என்று சொல்ல மாட்டேன், நம் பக்கத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை. "எழுதுங்க சார், பேர் மட்டும் வேண்டாம்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார், ஏனென்றால் அவர் சம்சாரத்துக்கு இன்னும் தெரியாது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் புலி. நாலைந்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது ஏழு லட்சத்துக்கு மேல் ஆகியிருந்தது. வசீர்எக்ஸ் செய்தி வந்த வாரமே, தன்னுடையது வேறு சந்தையில் இருந்தாலும், எல்லாவற்றையும் எடுத்து ஹார்டுவேர் வாலெட்டுக்கு மாற்றிவிட்டார். அதுவரை செய்தது எல்லாம் சரி.

பழைய லேப்டாப் ரிப்பேர் ஆயிற்று. புதிது வாங்கினார். வாலெட்டுக்கான மென்பொருளை ஏற்றித் தரச் சொல்லி ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைப் பையன் கூகுளில் பெயரைத் தட்டினான். முதலில் வந்ததை அமுக்கினான். முதலில் வந்தது விளம்பரம். இறங்கியது அசல் மாதிரியே இருந்தது. வாலெட்டைச் செருகியதும், "சாதனத்தை இணைக்க முடியவில்லை, உங்கள் 24 சொற்களை இடவும்" என்று கேட்டது. நண்பர் தயங்கியிருக்கிறார். "போடுங்க அங்கிள், புது சிஸ்டம்னா எல்லாத்துக்கும் இப்படித்தான் கேட்கும்." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். பையன் படிக்கப் படிக்க அவரே தட்டினார். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் பார்த்தால் பூஜ்யம்.

அந்தப் பையன் திருடன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. வினையே அங்கேதான்.

1930 எண்ணுக்கு உடனே போன் செய்தார், புகாரும் பதிவாயிற்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் போனால், சீக்கிரம் சொன்னால், நடுவில் எங்காவது ஒரு கணக்கை முடக்கலாம். அந்த எண் இருப்பதே அதற்குத்தான். இங்கே முடக்குவதற்கு நடுவில் வங்கியே இல்லை. அந்த 24 சொற்கள் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் கணக்குக்காரன். நண்பர் கையில் குச்சி பத்திரமாக இருக்கிறது. உள்ளே சாவியும் பத்திரமாக இருக்கிறது. அதே சாவியின் நகலை வைத்திருந்தவன் அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே லெட்ஜர் செயலியின் போலி ஒன்று நுழைந்து, பல லட்சம் டாலரைச் சுருட்டியது. 2020இல் அதே கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வீட்டு முகவரி வெளியே போயிற்று. அடுத்த வருஷம் அதில் சிலர் வீட்டுக்கு "உங்கள் பழைய சாதனம் பாதுகாப்பில்லை, இதோ புதியது" என்று கடிதத்தோடு போலிச் சாதனமே தபாலில் வந்தது. எல்லா ஏமாற்றும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: அந்த 24 சொற்களைக் கணினியில் தட்ட வைப்பது, அல்லது படிக்காமல் அமுக்க வைப்பது.

இதற்குச் சிலர் சொல்கிற மறுமொழி எனக்குத் தெரியும். "வயசான காலத்தில் இதெல்லாம் எதற்கு, சந்தையிலேயே விட்டு வைத்தால் அவன் பார்த்துக்கொள்வான்" என்பது ஒன்று. பார்த்துக்கொண்டான். வசீர்எக்ஸில் போட்டவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள். அதில் நம் சென்னைக்காரப் பெண்மணி ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். அவர் வைத்திருந்தது எக்ஸ்ஆர்பி என்ற நாணயம், திருடு போனதோ வேறு வகை. இருந்தாலும் நஷ்டத்தை எல்லோர் தலையிலும் பங்கு போடப் பார்த்தார்கள். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்துதான், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று தீர்ப்பு எழுதி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வரும் வரை காத்திருக்க நம் வயதில் எத்தனை பேரால் முடியும்?

இன்னொரு மறுமொழி, "சார், சாதனமே எல்லாம் பார்த்துக்கும், ஹேக் பண்ணவே முடியாது." விற்கிறவர்கள் வாயிலிருந்து வருவது இது. பூட்டு நல்லது என்பதால் கதவைத் தட்டுகிறவன் நல்லவன் ஆகிவிட மாட்டான். சாதனத்தை ஹேக் செய்ய அவனுக்கு அவசியமே இல்லை. அவனுக்கு வேண்டியது அவசரத்தில் இருக்கும் ஒரு விரல்.

மூன்றாவது, "அரசாங்கமே வரி வாங்குகிறதே, அப்படியானால் பாதுகாப்புதானே?" 2022 ஏப்ரலிலிருந்து லாபத்தில் 30 சதவீதம் வரி, ஜூலையிலிருந்து விற்பனையில் 1 சதவீதம் டிடிஎஸ், வாஸ்தவம். லாட்டரிப் பரிசுக்கும் 30 சதவீதம்தான். வரி வாங்குவதாலேயே லாட்டரி பத்திரமான முதலீடு ஆகிவிட்டதா?

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் ஊட்டுவது வேறு. இந்த ஏற்பாடு முழுக்க நம்மை நினைத்துச் செய்ததே இல்லை. அந்த 24 சொற்களை எடுக்கும் பட்டியலில் 2,048 சொற்கள். ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானிஷ், சீனம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்ச்சுகீசியம் எல்லாவற்றிலும் அதற்குப் பட்டியல் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூடக் கிடையாது. செக் மொழி பேசுகிறவர்கள் சென்னை ஜனத்தொகை அளவுதான் இருப்பார்கள். திரையோ கண்ணாடி போட்டாலும் கண்ணைச் சுருக்க வேண்டிய அளவு. எழுத்தைச் சின்னதாக்கி வைத்துவிட்டு, "படிக்க வேண்டாம்" என்று சொல்வது யாருக்கு வசதி?

திட்டிவிட்டுப் போனால் போதாது. பீரோவில் அந்தக் குச்சி இருக்கிறது, என்றைக்காவது செருகத்தான் வேண்டும். நான் கடைசியில் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை திட்டினாலும் இதில் ஒன்றையும் விடாதீர்கள்.

இடம் முதலில். சொந்தக் கணினி, சொந்த வீடு. கடையும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பும் வேண்டாம். கணினியைத் தூரத்திலிருந்து இயக்குகிற எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஏதாவது போட்டு வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். விண்டோஸைப் புதுப்பித்து, வைரஸ் சோதனை ஒரு தரம் ஓட்டிவிட வேண்டும்.

அடுத்து மென்பொருள். கூகுளில் தேடவே கூடாது. சாதனத்தோடு வந்த அட்டையில் கம்பெனியின் இணைய முகவரி இருக்கும். அதை எழுத்து எழுத்தாக நாமே முகவரிப் பட்டையில் தட்டி, அங்கிருந்து மட்டும் இறக்க வேண்டும். கேபிள் பெட்டியோடு வந்ததாக இருக்கட்டும். செருகியவுடன் சாதனம் அசல்தானா என்று அந்த மென்பொருளே சோதித்துச் சொல்லும்.

புதுச் சாதனம் என்றால் இன்னொன்று. அதில் பின் நம்பர் ஏற்கெனவே போட்டிருக்கக் கூடாது. 24 சொற்கள் அச்சிட்ட தாள் பெட்டிக்குள் இருந்தால் அது வலை, திருப்பி அனுப்பிவிடுங்கள். சொற்களைச் சாதனம்தான் தன் திரையில் உங்கள் கண்ணெதிரே காட்ட வேண்டும். நீங்கள் பேனாவால் தாளில் எழுத வேண்டும். போட்டோ கூடாது, வாட்ஸப் கூடாது, "அப்பாவே வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும்" என்பதும் கூடாது. கணினி விசைப்பலகை அந்தச் சொற்களை ஒருநாளும் பார்க்கக் கூடாது. எந்தத் திரை கேட்டாலும், எந்தப் போன் கேட்டாலும், கம்பெனி ஆள் என்று யார் வந்தாலும், கேட்கிறவன் திருடன். திரும்பப் போட வேண்டி வந்தால் சாதனத்தின் பொத்தான்களால் சாதனத்துக்குள் மட்டும்தான்.

பின் நம்பர் விஷயத்தில் பயப்பட வேண்டாம். லெட்ஜரில் மூன்று தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதை அழித்துக்கொள்ளும். தாள் இருந்தால் வேறு சாதனத்தில்கூட மீட்கலாம். தாளும் போனால் எல்லாம் போயிற்று. தாள் எவ்வளவு உறுதி என்று 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் இருந்தவர்களைக் கேளுங்கள். பத்திரமும் பாஸ்புக்கும் மொட்டை மாடியில் காய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் எவர்சில்வர் தகட்டில் வெட்டி வைப்பவர்கள் உண்டு. நல்ல யோசனை. ஆனால் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து வெட்டாதீர்கள். ஆணியும் சுத்தியலும் வைத்து நீங்களே தட்டுங்கள். வங்கிக் கணக்குக்கு இப்போது நாலு பேர் வரை நாமினி போடலாம். இதற்கு நாமினியே கிடையாது. தகடு எங்கே இருக்கிறது என்று நம்பகமான இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் கையெழுத்து. கணினித் திரையில் இருப்பது வெறும் தகவல், சாதனத்தின் திரையில் இருப்பதுதான் செக். தொகையையும் முகவரியையும் அங்கே பார்த்துப் படிக்க வேண்டும். முகவரியின் முதல் நாலும் கடைசி நாலும் ஒத்துப்போனால் போதும் என்பார்கள். போதாது. அந்த எட்டும் ஒத்துப்போகிற மாதிரியே முகவரி தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் காப்பி செய்து ஒட்டும்போது நடுவில் முகவரியையே மாற்றுகிற வைரஸும் இருக்கிறது. முழுக்கப் படியுங்கள். முதலில் சின்னத் தொகை, போய்ச் சேர்ந்ததும் மிச்சம். தொகையும் முகவரியும் தெளிவாகத் தெரியாமல் புரியாத எழுத்துக் கூட்டம் வந்தாலோ, 'பிளைண்ட் சைனிங்' அனுமதியை இயக்கச் சொன்னாலோ, வேண்டாம் என்ற பொத்தானை அமுக்கிக் கேபிளைப் பிடுங்குங்கள். கேபிளைப் பிடுங்கியதால் யாருக்கும் பணம் போனதில்லை.

சண்டை நடந்து மூன்றாம் நாள் மகனே கூப்பிட்டான். நான் கண்ணாடி, பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு, பென்சில் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "வாட்ஸப்ல வந்ததை வச்சு இல்ல, உன் கையில இருக்கிற புதுச் சாதனத்தோட திரையைப் பார்த்து நீ படி. நான் என் சாதனத்துல பார்க்கறேன்" என்றேன். பெருமூச்சு விட்டான். பிறகு படித்தான். பூஜ்யம், எக்ஸ், அதற்கப்புறம் நாற்பது எழுத்து. பி-யா டி-யா என்று இரண்டு இடத்தில் குழப்பம். "பம்பாய் பி-யா, டெல்லி டி-யா?" என்று கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் சின்னத் தொகை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததை அவன் பார்த்துச் சொல்லி, பிறகு மிச்சத்துக்கும் ஆரம்பத்திலிருந்து நாற்பத்திரண்டையும் படித்தோம். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

எல்லா எழுத்தும் சரியாக இருந்தது. ஒரு தப்பும் இல்லை.

"பார்த்தீங்களா, ஒண்ணும் இல்ல. இதுக்குப் போய் நாற்பது நிமிஷமா?" என்றான்.

முப்பத்தெட்டு வருஷம் சாயங்காலம் கேஷ் எண்ணினோம். பெரும்பாலான நாள் சரியாகத்தான் இருந்தது. அதற்காக ஒரு நாளும் எண்ணாமல் பூட்டியதில்லை.